ராஜா ஸர் மாதவ ராயரும் செங்கோட்டைக் கணவாயும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய செய்தி பரவினால், நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல தென்காசியில் வந்து இறங்குவதும், அருவியாடித் திருக்குற்றாலநாதரை வழிபட்டு, சிலர் செங்கோட்டை கடந்து ஆரியங்காவு வரை சென்று மீள்வதும் ஆண்டுதோறும் நிகழ்வன. அவ்வாறு செல்லும் அன்பர்கள் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தை ஒருமுறை உற்று நோக்குமாறு வேண்டுகிறோம். தூரம் அரைக்காத வழியே. இருபுறமும் அதே நெல்வயல், அதே தென்னந்தோப்பு, அதே தமிழ். நடுவே மலையுமில்லை, பேராறுமில்லை. எனினும் 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதிவரை இவ்விரண்டு ஊர்களும் இரண்டு ராஜாங்கங்களுக்கு உட்பட்டிருந்தன. தென்காசி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்து சென்னைக்கு வரி செலுத்திற்று. செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்து திருவனந்தபுரத்திற்கு வரி செலுத்திற்று.

நம்மவருள் ஒரு பேச்சு உண்டு. மலைக்கு மேற்கே மழை மிகுதி, ஆதலின் செல்வமும் மிகுதி. கிழக்கே சுரண்டை, சங்கரன்கோவில் பக்கம் வானம் பார்த்த பூமி, ஆதலின் ஜனங்கள் பிழைப்புத் தேடிப் புறப்படுகின்றனர். இது தெய்வச் செயல், மனிதர் என் செய்வார் என்பர். இதில் மழையைப் பற்றிய பாதி மெய்யே. மற்றைப் பாதி சுங்கச் சாவடியிலும், நிலப்பட்டாவிலும், சாலைக் கணக்கிலும், உத்தியோகப் பட்டியலிலும் எழுதப்பட்டது. மலைக்கு மேற்கே அதனை எழுதிய கைகளுள் தலைமையானது திவான் மாதவ ராயருடையது. ஆதலின் அன்னாரது சரித்திரத்தை நம் கணவாயின் கிழக்கு வாயிலில் நின்று நோக்கிச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

மாதவ ராயர் 1828ஆம் ஆண்டு கும்பகோணத்தில் மகாராஷ்டிரப் பிராமண குடும்பத்திற் பிறந்தார். அவருடைய பெரிய தந்தையார் வேங்கட ராயரும் தந்தையார் ரங்க ராயரும் திருவிதாங்கூரில் திவான் பதவி வகித்தவர்கள். தஞ்சையில் மராட்டிய அரசு நிலவிய நாளில் கணக்கும் ராஜாங்க எழுத்தும் பயின்ற குடும்பங்கள், அவ்வரசு ஒடுங்கிய பின்னர்ப் பிற சமஸ்தானங்களிற் சென்று பெரும்பதவிகளை அடைந்தன. ஓர் அரசின் வீழ்ச்சியே ஒரு குலத்தாரின் தொழிலை இடமாற்றிற்று. இது பின்னே வரும் செய்திக்கு உதவுமாதலின் நினைவில் வைக்கத் தக்கது.

சென்னை ஹைஸ்கூலில் பவல் என்னும் ஆங்கில ஆசிரியரிடம் கற்று 1846இல் முதல் வகுப்பில் தேறினார். கணிதத்தில் வல்லவர். சிறிது காலம் சென்னையில் கணக்கு இலாகாவில் ஊழியம் புரிந்த பின்னர், 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராக அழைக்கப்பட்டார். மாணாக்கருள் ஒருவர் பிற்காலத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவாகவும், மற்றொருவர் விசாகம் திருநாள் மகாராஜாவாகவும் விளங்கினர். நான்காண்டு பாடஞ்சொல்லிய பிறகு ரெவினியூ உத்தியோகத்திற் புகுந்து, திவான் பேஷ்காராகித் தென் பகுதியை நிர்வகித்தார். 1857இன் இறுதியில் திவான் கிருஷ்ண ராயர் காலமாகவே, அப்பதவி முதலில் தற்காலிகமாகவும், 1858இல் நிலையாகவும் இவரைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பது பிராயங்கூட நிறையவில்லை.

அவர் ஏற்றது பொற்குடம் அன்று. 1805ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி கும்பெனியாருக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்டவேண்டும். கஜானாவிலோ பணமில்லை, சிப்பந்திகளின் சம்பளம் நிலுவை. 1855இல் டல்ஹௌசிப் பிரபு, நிர்வாகத்தைச் சீர்செய்யாவிடில் நாடு பறிமுதலாகும் என்னும் பொருள்பட எச்சரிக்கை விடுக்கச் செய்திருந்தார். அயோத்தி அரசு 1856இல் விழுங்கப்பட்டதை நினைத்தால் இவ்வெச்சரிக்கையின் கூர்மை விளங்கும். நாட்டைக் காக்க வேண்டுமானால் கணக்கைக் காக்க வேண்டும் என்பது இளம் திவானுக்குத் தெளிவாயிற்று. நம் கணவாயில் அவர் செய்த நன்மைக்கும், செய்யாது விட்ட குறைக்கும் மூலகாரணம் இதுவே என்பது நமது கருத்து.

அக்காலத்தில் கணவாய் வியாபாரம் எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். மேற்கேயிருந்து மிளகு, பாக்கு, சுக்கு, ஏலம், கொப்பரை, கருவாடு ஆகியன வந்தன. கிழக்கேயிருந்து அரிசி, துணி, மிளகாய், பயறு, புகையிலை, ஆடுமாடுகள் சென்றன. பொதிமாடும் தலைச்சுமையுமே பெரும்பாலும் வாகனம். மிளகோ மார்த்தாண்ட வர்மர் காலந்தொட்டே அரசரின் ஏகபோகம். விளைவித்த குடியானவன் சர்க்கார் பண்டகசாலைக்கே, சர்க்கார் வைத்த விலைக்கே கொடுக்கவேண்டும். புகையிலையும் ஏகபோகம். யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் குத்தகையில் வரவழைத்துச் சர்க்காரே விற்றது. பிறர் ஒரு கட்டுப் புகையிலை கொண்டுவரினும் குற்றம். உப்பும் அவ்வாறே. ஏனைய சரக்குகளுக்கு வழிநெடுகச் சவுக்கைகள் உண்டு. பிரிட்டிஷார் 1844இல் சென்னை ராஜதானிக்குள் இருந்த உட்சுங்கங்களை ஒழித்தனர். ஆயினும் சமஸ்தான எல்லையை அயல்நாட்டு எல்லையாகவே எண்ணி, அங்கே தீர்வை வாங்குவதை நிறுத்தவில்லை.

ஆகவே அரைக்காதத் தூரத்தில் ஒரு பொதி இருமுறை அவிழ்க்கப்பட்டது. சவுக்கைச் சேவகன் நிறுப்பதற்குள் மாடு களைத்துவிடும். சாரற்காலமாயின் சரக்கு நனைந்துவிடும். சேவகனுக்குக் கைவரிசை வைக்காதவனுக்குப் பொழுதும் போய்விடும். தீர்வையைக் காட்டிலும் இந்தக் காத்திருப்பே வியாபாரியைக் கொன்றது. காட்டுவழியே கள்ளப் புகையிலை கடத்துவோர் ஒரு தனித் தொழிலினராகவே பெருகினர். அவர்களைப் பிடிக்கும் சாக்கில் ஏழைகளின் வீடும் மூட்டையும் சோதிக்கப்பட்டன. நேர்மையாய் வாணிகம் செய்தவன் நொடிந்தான், கடத்தியவன் கொழுத்தான். இதை மனிதர் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிடலாகாது. ஏகபோகம் எங்கே உண்டோ அங்கே கள்ளக்கடத்தும் ஒரு கைத்தொழிலாகும்.

மாதவ ராயர் இந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முதலில் மிளகு ஏகபோகம் நீங்கி, ஏற்றுமதித் தீர்வை மட்டும் நின்றது. அத்தீர்வையும் நாளடைவிற் குறைக்கப்பட்டது. 1863இல் புகையிலை ஏகபோகம் ஒழிந்தது. இறக்குமதித் தீர்வை செலுத்துவோர் எவரும் கொண்டுவரலாம் என்றாயிற்று. வருமானத்திற் பெரும்பங்கு இவ்வேகபோகத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோது, அதை விட்டுவிடத் துணிவது எளிதன்று. பணமில்லாத கஜானாவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரியைக் குறைத்தவர் அவர். குறைந்த தீர்வை மிகுந்த வியாபாரத்தைத் தரும், மிகுந்த வியாபாரம் கஜானாவை நிரப்பும் என்பது அவர் கணக்கு. அக்கணக்குப் பொய்க்கவில்லை, சில ஆண்டுகளிற் கடன் தீர்ந்தது.

1865இல் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றும் சேர்ந்து வியாபார உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. அதன்படி சமஸ்தான எல்லைகளில் வாங்கப்பட்ட சுங்கங்கள் எடுபட்டன. பிரிட்டிஷ் எல்லைத் தீர்வையும் எடுபட்டது. சமஸ்தானத்துத் துறைமுகங்களிற் பிரிட்டிஷ் இந்தியாவின் தீர்வை விகிதமே கொள்ளப்பட்டது. தென்காசிச் சந்தைக்கும் செங்கோட்டைச் சந்தைக்கும் இடையே பொதி அவிழ்க்கும் வழக்கம் இவ்வாறு ஒழிந்தது. நம் பக்கத்து வண்டிக்காரரும் தரகரும் நெசவாளரும் அரிசி வியாபாரிகளும் தலைநிமிர்ந்தது இவ்வாண்டுக்குப் பிறகே எனலாம். ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஹென்றி பாசெட் என்பவர், பிரான்சு தேசத்தில் பதினாறாம் லூயி மன்னரிடம் நிதிமந்திரியாயிருந்த துர்கோவுக்கு இவரை ஒப்பிட்டுப் புகழ்ந்தார். துர்கோவும் தம் நாட்டில் தானிய வியாபாரத்தின் தளைகளை அறுக்க முயன்றவராதலின் உவமை பொருத்தமானதே.

ஆனால் உடன்படிக்கையின் மறுபக்கத்தையும் சொல்லாதுவிடின் உண்மைக்குப் பிழை செய்தவராவோம். உப்பின் விலையைப் பிரிட்டிஷ் இந்திய விலைக்குச் சமமாக்க வேண்டியதாயிற்று. ஏழையின் கஞ்சிக்கலத்தில் அது தெரிந்தது. துறைமுகத் தீர்வையைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை சமஸ்தானத்தின் கையைவிட்டுப் போயிற்று. சுங்கம் நீங்கிய பாதை நம் நெசவாளரின் துணிக்கு மட்டும் திறந்திருக்கவில்லை. மாஞ்செஸ்டர் துணிக்கும் அதே பாதை திறந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நெசவுக் குடும்பங்கள் பலவும் பிற்காலத்தில் தறியை விட்டுச் சிங்கப்பூருக்குக் கப்பலேறின. அதற்குக் காரணங்கள் பல. எனினும் யந்திரத் துணியின் போட்டி அவற்றுள் முன்னிற்பது.

இனி நிலத்தின் செய்தி. அதே 1865ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த பட்டப் பிரகடனத்தால், சர்க்கார் பாட்ட நிலங்களை உழுதுவந்த குடியானவர்களுக்கு அந்நிலங்கள் விற்கவும் ஒற்றிவைக்கவும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் உரிய சொந்த நிலங்களாயின. 1867இல் ஜன்மிகளின் குடிவாரதாரர்களுக்கும் ஒரு பாதுகாப்பு அளிக்கப்பட்டது. சொந்த நிலமுள்ளவன் தென்னை வைப்பான், மிளகுக்கொடி ஏற்றுவான், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவான். மலைக்கு மேற்கே சிறுகுடியானவர் வகுப்பு வலுத்ததற்கு இப்பிரகடனம் ஓர் அடிக்கல். 1866 முதல் தாய்மொழிப் பள்ளிகளும் சர்க்கார் செலவிற் பரவலாயின. திருவனந்தபுரத்து மகாராஜா ஹைஸ்கூல் கல்லூரியாயிற்று. கேரளத்தின் எழுத்தறிவைப் பாராட்டும் நம்மவர், அதன் வேர்களில் ஒன்று இங்கே இருப்பதை அறிதல் நன்று.

சமவெளியில் இவ்வாறு, மலையிலோ வேறு. காபிப் பயிரின் ஆசை அக்காலத்தில் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் பரவிக்கொண்டிருந்தது. மலைக்காடுகளைச் சமஸ்தானம் ஐரோப்பியத் துரைமார்களுக்கு மலிந்த விலைக்கும் இலேசான தீர்வைக்கும் கொடுத்தது. காடு வீணே கிடக்கிறது, பயிரானால் வருமானம் என்பது கணக்கு. பட்டப் பிரகடனத்தாற் குடியானவனுக்கு நிலம் கொடுத்த அதே ராஜாங்கம், மலையில் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் துரைக்குக் கொடுத்தது. ஆனால் துரை தாமே களை பறிப்பாரா? ஆள் வேண்டும்.

ஆள் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு அடிமைத்தளை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் விடுதலையடைந்தோர் பெரும்பாலும் பழைய நிலக்காரரின் வயலையே சார்ந்திருந்தனர். குளிருக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறியவர் சிலரே. துரைமார்களின் கண் கிழக்கே திரும்பிற்று. திருநெல்வேலி, மதுரை ஜில்லாக்களின் புன்செய்க் கிராமங்களிற் கங்காணிகள் புகுந்தனர். மழை தவறிய ஆண்டில் முன்பணம் கொடுத்தனர். வாங்கியவர் குடும்பத்தோடு மலையேறினர். முன்பணம் பெற்று வேலையை விட்டு ஓடுவோரைச் சிறையிலிடும் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1859இல் உண்டாயிற்று. திருவிதாங்கூரிலும் அதன் சாயலில் ஒன்று எழுந்தது. கடன்பட்டவனைச் சிவில் கோர்ட்டுக்கு அழைப்பதே உலக வழக்கம். கூலிக்காரன் கடன்பட்டால் மட்டும் கிரிமினல் குற்றம்! 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் இவ்வோட்டம் பெருவெள்ளமாயிற்று. சிலர் மலைக்குச் சென்றனர். பலர் இலங்கைக்குச் சென்றனர்.

ஆகச் சுங்கச் சாவடி நீங்கிய பிறகு கணவாயின் வழியே சரக்கு மட்டும் போகவில்லை, மனிதரும் போயினர். மேற்கு மலையில் நிலம் ஒருவருக்கு, வேலை மற்றொருவருக்கு என்னும் பிரிவு நிலைத்தது. உடைமையாளர் கடல்கடந்து வந்தவர்; உழைப்பவர் கணவாய் கடந்து வந்தவர். 1877இல் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலையை மன்றோ என்னும் துரைக்கு அளித்த பின்னர், மூணாற்றிலும் இவ்வாறே. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலைச்சரிவு தொழிலாளர் குடியிருப்பை மூடி எழுபதின்மர் மாண்டபோது, அவருட் பெரும்பாலோரின் பூர்வீகம் நம் கிழக்குச் சீமையின் கயத்தாறு என்று தெரிந்து நாம் கலங்கினோம். பரம்பரை பரம்பரையாக அம்மலையில் உழைத்தவர்களுக்கு ஆங்கே சொந்தமாக ஒரு மனைக்கட்டும் இல்லாதிருந்தது.

இப்பழி முழுவதையும் மாதவ ராயர் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. அவர் காலத்தில் தோட்டங்கள் தொடக்கநிலையிலேயே இருந்தன. பஞ்ச காலத்தில் அவர் திருவிதாங்கூரிலேயே இல்லை. எனினும் ராஜாங்கத்தின் வருமானத்தையே அளவுகோலாகக் கொண்டவருக்கு, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கூலிக்காரன் எவருடைய குடி என்னும் கேள்வி எழவில்லை. திருவிதாங்கூருக்கு அவன் அயலான். திருநெல்வேலிக் கலெக்டருக்கோ ஊரைவிட்டுப் போனவன். இரு ராஜாங்கங்களுக்கும் இடையே விழுந்தவனுக்குக் கணக்கில் இடமில்லை.

நம் பக்கத்து ராஜாங்கத்தின் செயலையும் இங்கே ஒருவாறு ஒப்பிடவேண்டும். குற்றாலத்தின் குளிர்ச்சியைக் கும்பெனியார் அறியாதவரல்லர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அங்கே சாதிக்காய், கிராம்பு, இலவங்கம் முதலிய வாசனைப் பயிர்களை வைத்துத் தோட்டம் போட்டுப் பார்த்தனர். உலாந்தாக்காரரின் தீவுகளுக்கு ஈடாக ஒரு சரக்குத்தோட்டம் உண்டாக்கும் எண்ணம் அது. அது பேரளவில் வளரவில்லை. குற்றாலம் உத்தியோகஸ்தர்களின் உல்லாச ஸ்தலமாக நின்றுவிட்டது. பிரிட்டிஷ் முதலும் கவனமும் கரிசல் பூமியின் பருத்தியையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் நாடின. 1876இல் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடிற்று. பாபநாசத்து அருவியின் விசையைக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் நூற்பாலை எழுந்தது. தென்காசி ரயிலைக் கண்டதோ 1903இல். ஒரே ஜில்லாவில் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இருபத்தேழு ஆண்டு வித்தியாசம்! ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணிற் சுண்ணாம்பு என்னும் பழமொழி சமஸ்தானங்களுக்கு மட்டும் உரியதன்று.

மேற்கே, சாலை போடுவதை மாதவ ராயர் தம் ஆட்சியின் முதற்பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். மராமத்து இலாகா திருத்தியமைக்கப்பட்டது. பார்ட்டன் என்னும் எஞ்சினீயரைக் கொண்டு திருவனந்தபுரத்தில் ஹஜூர் கச்சேரி மாளிகை கட்டப்பெற்று 1869இல் நிறைவேறிற்று; இன்றைய கேரளத் தலைமைச் செயலகம் அதுவே. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு வரும் மலைப்பாதையில் புனலூரிற் கல்லடையாறு குறுக்கிட்டது. அதன்மேல் தொங்குபாலம் கட்டும் வேலை 1871இல் தொடங்கி, ஆல்பர்ட் ஹென்றி என்னும் எஞ்சினீயரால் 1877இல் முடிந்தது. சங்கிலிகளில் தொங்கும் நானூறு அடி நீளப் பாலம். ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் வாய்பிளந்து நோக்கிய அதிசயம். பாலத்தின் வலிமையை மெய்ப்பிக்க யானைகளை அதன்மேல் நடத்தி, எஞ்சினீயர் தம் குடும்பத்துடன் கீழே படகிற் சென்றார் என்று ஒரு கர்ணபரம்பரை வழங்குகிறது. கதையின் மெய்ப்பொய் எவ்வாறாயினும், வண்டி மாடுகள் அதன்மேல் அஞ்சாது நடந்தன. 1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் தேதி புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே ரயில் ஓடிய பின்னரே அவ்வண்டிகளின் மணியோசை குறைந்தது. மீட்டர் கேஜ் நாளில் நாமும் அவ்வண்டியிற் சென்றதுண்டு. கழுதுருட்டியின் பதின்மூன்று வளைவுப் பாலத்தைக் காணக் குழந்தைகள் ஒருபுறமே சாய்வதும், குகை இருளில் அனைவரும் கூவுவதும் இன்னும் காதில் ஒலிக்கின்றன.

மாதவ ராயரின் குணாதிசயங்களைப் பற்றி ஒரு வார்த்தை. உழைப்புக்கு அஞ்சாதவர், கோப்புகளைத் தாமே படித்துத் தாமே எழுதுபவர், கைச்சுத்தமுடையவர் என்று எதிரிகளும் ஒப்பினர். அதே வேளையில் ஜாதிக் கட்டுப்பாட்டின் விஷயத்தில் அவர் கை மெதுவாகவே அசைந்தது. 1859இல் தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிவதைக் குறித்துப் பெருங்கலகம் மூண்டது. அவ்வுரிமை சென்னை கவர்னர் டிரெவில்லியனின் வற்புறுத்தலுக்குப் பிறகே, அதுவும் முரட்டுத் துணி முதலிய நிபந்தனைகளோடு, அவ்வாண்டு ஜூலை மாதப் பிரகடனத்தால் அளிக்கப்பட்டது. மானம் மறைக்கும் துணிக்கும் ஒரு திவான் அளவு வைத்தார் என்பதைச் சரித்திரம் மறைக்கவில்லை. சர்க்கார் பள்ளிகள் பலவற்றின் வாயில் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குத் திறக்கவில்லை. ஊருக்கு வரும் உத்தியோகஸ்தருக்கும் கோயில் திருவிழாவுக்கும் காய்கறி முதலியன கொடுத்துத் தொண்டு செய்யும் விருத்தி ஊழியம் அவருக்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. துர்கோ தம் நாட்டில் கட்டாய உழைப்பை நீக்க முனைந்தவர். அந்த ஒரு கூற்றில் உவமை நொண்டுகிறது.

உத்தியோகத்தின் விஷயமும் அத்தகையதே. தஞ்சை, கும்பகோணம் பக்கத்துக் கற்றவர்கள் சமஸ்தானத்தின் உயர்பதவிகளை நிரப்பினர். உள்நாட்டார் கல்வியிற் சிறந்த பின்னும் அவ்வாயில் குறுகியே இருந்தது. 1891ஆம் ஆண்டு ஜனவரியில் 10,028 பேர் கையொப்பமிட்ட மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம் இக்குறையை மகாராஜாவிடம் முறையிட்டது. அதுவும் தங்கள் குறையைத் தீர்க்கவில்லையெனக் கண்ட ஈழவ மக்கள், டாக்டர் பல்புவின் முயற்சியால் 1896இல் 13,176 கையொப்பங்களுடன் தனி விண்ணப்பம் செய்தனர். நம்முடையதை ஒத்த ஜாதிச் சங்கங்கள் தென்னாட்டில் எழுந்ததற்கு இத்தகைய பட்டியல்களே வித்து என்பதை அங்கத்தினர்கள் உணர்வார்களாக. செங்கோட்டை வாஞ்சிநாதனும் புனலூரில் சமஸ்தானக் காட்டிலாகாவில் சிறு உத்தியோகம் பார்த்தவரே; 1911இல் மணியாச்சியில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவர்.

1866இல் மாதவ ராயருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. ஆயில்யம் திருநாள் மகாராஜாவுக்கும் அவருக்கும் இருந்த குருசிஷ்ய அன்பு நாளடைவிற் கசந்து, 1872இல் மாதம் ஆயிரம் ரூபாய் உபகாரச் சம்பளத்துடன் பதவி விட்டார். பின்னர் இந்தூரில் இரண்டாண்டு திவானாயிருந்து, 1875 முதல் 1882 வரை பரோடாவில் மைனரான ஸயாஜி ராவ் மகாராஜாவின் சார்பில் ஆட்சி நடத்தினார். ராஜா பட்டம் 1877இல் வந்தது. பரோடாவில் அவர் செய்தவை தனிக் கட்டுரைக்குரியன, ஈண்டு விரிக்கிலோம். ஓய்வில் மயிலாப்பூரில் வசித்து, 1887இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வரவேற்புச் சபைத் தலைவராயிருந்தார். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் தேதி காலமானார்.

அவர் திறந்த கணவாயில் இன்று நிகழ்வதைக் காண விழைவோர் விடியலில் புளியரையில் நின்றால் போதும். பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளின் காய்கறி லாரிகள் மேற்கே ஏறுகின்றன. ரப்பரும் மரமும் கிழக்கே இறங்குகின்றன. சுதந்திரத்திற்குப் பிறகும் இரு ராஜ்யங்களின் விற்பனைவரிச் சாவடிகளில் லாரிகள் வரிசைகட்டி நின்றன; 2017 ஜூலையில் நாடு முழுவதற்கும் ஒரே சரக்கு வரி வந்தபோதுதான் அவை எடுக்கப்பட்டன. 1865இல் செய்ததை நாம் மற்றொரு முறை செய்ய வேண்டியிருந்தது விந்தையே. அகலப்பாதை வேலைக்காக 2010இல் நிறுத்தப்பட்ட ரயிலும் 2018இல் மீண்டும் ஓடலாயிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாகி, செங்கோட்டையும் தென்காசியும் ஒரே கலெக்டரின் கீழ் அமைந்தன. குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உரியதாயிருந்த மாளிகை மட்டும் கேரள அரசாங்கத்தின் வசத்தில் இருந்துவருகிறது.

மாதவ ராயரின் சிலை திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்திற்கு எதிரே நிற்கிறது. அவ்விடத்திற்கே ஸ்டாச்சு என்று பெயர். நம் அன்பர்கள் அந்நகர் செல்லுங்கால் கண்டு வரலாம்.